கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கிருமி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவரிடையே இரண்டு கட்சிகள் எழுகின்றன. முதியோருட் சிலர், "கண்ணிற் படாத ஒன்றுக்கு அஞ்சுவதா? நம் பாட்டனார் கிருமியைக் கண்டாரா? தொண்ணூறு வயது வாழவில்லையா?" என்பர். பட்டணத்திற் படித்துத் திரும்பிய இளைஞருட் சிலரோ, கடையில் விற்கும் புட்டிகளையெல்லாம் வாங்கித் தரையையும் கையையும் துணியையும் கழுவி, வீட்டில் ஒரு கிருமியும் இல்லாதபடி செய்துவிட வேண்டும் என்பர். தொண்ணூறு வயது வாழ்ந்த பாட்டனாரைப் பற்றிப் பேசுகிறவர், அவரோடு ஒரே வயிற்றிற் பிறந்து, தவழ்வதற்கு முன்னரே மண்ணுக்குள் போன தம்பி தங்கையரைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. புட்டி வாங்குகிறவர், தம் குடலுக்குள் இருந்துகொண்டு தமக்கு ஊழியஞ் செய்பவை எவை என்று விசாரிப்பதில்லை. ஆதலின், இந்நுண்ணுயிர்களுள் எவற்றோடு கூடி வாழ்வது, எவற்றிற்கு வழியை அடைப்பது என்பதையே நாம் இன்று பேசப் புகுந்தோம்.

நம் ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருப்பதை அறியாதார் இங்கே இலர். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியுடைய வைணு பாப்பு தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. வெகு தொலைவில் இருப்பதனால் கண்ணுக்குப் புலப்படாதவற்றை அது காட்டுகிறது. வெகு சிறியனவாய் இருப்பதனாற் புலப்படாதவற்றைக் காட்டுவது நுண்ணோக்கி. நம் மலையில் முன்னதைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளை இல்லை. பின்னதன் வழியே ஒரு முறையேனும் பார்த்தவரோ சிலரே. விந்தை யாதெனில், தொலைநோக்கி காட்டும் உலகம் நமக்கு எந்நாளும் எட்டாதது. நுண்ணோக்கி காட்டும் உலகமோ நம் நாவின்மேலேயே இருக்கிறது.

அதை முதலிற் கண்டவர் பெரிய பண்டிதர் அல்லர். ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் துணி வாணிகம் செய்துவந்த லேவன்ஹூக் என்பவர், தம் கையாலேயே கண்ணாடி தேய்த்து, 1683-ஆம் ஆண்டில் தம் பல்லில் ஒட்டியிருந்த ஊத்தையைச் சுரண்டி வைத்துப் பார்த்தார். அதிலே உயிருள்ளவை பல நெளிந்தும் சுழன்றும் ஓடுவதைக் கண்டு, லண்டன் ராயல் சங்கத்தார்க்குக் கடிதம் எழுதினார். அவற்றுள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு சாமையரிசியின் அளவுக்குள் அடங்கிவிடும்.

இவை நம் உடலில் எத்தனை என்று 2016-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கணக்கிட்டனர். எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆடவனின் உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவனுடைய சொந்த உயிரணுக்களோ ஏறக்குறைய 30 லட்சம் கோடி. எண்ணிக்கையிற் பார்த்தால், வீட்டுக்காரனைவிடக் குடித்தனக்காரர் அதிகம்! ஆயினும் அவை எல்லாவற்றையும் திரட்டி நிறுத்தால் கால் கிலோவுக்குட்பட்டே நிற்கும். மிகப் பெரும்பாலான பெருங்குடலில் இருக்கின்றன. மற்றவை தோலிலும் வாயிலும் மூக்கிலும் பரவியிருக்கின்றன. வியர்வைக்குத் தனக்கென நாற்றமில்லை. அக்குளிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைப்பதனாலேயே நாற்றம் பிறக்கிறது. தோலிற் குடியிருக்கும் சாதுக்கள் இடத்தை முன்னமே பிடித்துக்கொண்டிருப்பதனால், புண்ணாக்கும் துஷ்டர்கள் எளிதில் வேரூன்ற முடிவதில்லை. ஆகவே, அவற்றை முற்றும் ஒழிக்க ஒருவராலும் இயலாது, இயன்றாலும் நன்மையில்லை.

இக்குடித்தனம் எப்பொழுது தொடங்குகிறது? பிறந்த அன்றே. தாயின் வயிற்றினின்றும் வெளிவரும்பொழுதே தாயினுடைய நுண்ணுயிர்கள் குழந்தையிடம் வந்து சேர்கின்றன; பின்னர்த் தாயின் தோலினின்றும் பாலினின்றும் வருகின்றன. தாய்ப்பாலைப் பற்றி நாம் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பாலிலுள்ள திடப்பொருள்களுள் பால்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பது ஒருவகைத் தொடர்ச்சர்க்கரை. அதைக் குழந்தையாற் செரிக்க முடியாது! செரிக்க முடியாததை இயற்கை ஏன் பாலில் வைத்தது என்று ஆராய்ந்தவர்கள், அது குழந்தைக்கன்று, குழந்தையின் குடலிலுள்ள பைஃபிடோ என்னும் நற்கிருமிகளுக்கு வைத்த சோறு என்று கண்டனர். அச்சோற்றை உண்டு அவை பெருகிக் குடலிற் புளிப்பை உண்டாக்க, அப்புளிப்பிற் பேதிக்கிருமிகள் வாழ மாட்டா. தாய் ஒரே மார்பிற் பிள்ளைக்கும் பால் கொடுத்துப் பிள்ளையின் காவற்காரர்க்கும் கூலி கொடுக்கிறாள்.

இப்படியிருக்க, நம் வீடுகள் சிலவற்றில் என்ன நடக்கிறது? பிள்ளை பிறந்ததும் மஞ்சளாகச் சுரக்கும் சீம்பாலை "கெட்ட பால்" என்று பீச்சி எறிந்துவிடுகிறார்கள். பிள்ளையின் வாயில் முதலிற் போவது சேனைத் தண்ணீர். சர்க்கரையைத் தண்ணீரிற் கரைத்து, பெரியவர் ஒருவர் தம் விரலால் தொட்டு வைத்தால் அவருடைய குணம் பிள்ளைக்கு வருமென்பது நம்பிக்கை. குணம் வருகிறதோ இல்லையோ, அவர் விரல் நகத்தில் இருந்தது வந்துவிடுகிறது. பெரியோர் நம்மீது கோபங்கொள்ள வேண்டா. ஆசீர்வாதம் செய்ய விரும்புகிறவர் பிள்ளையின் தலையைத் தொட்டுச் செய்க. சீம்பாலோ நோயெதிர்க்கும் பொருள்கள் செறிந்த பால். முதல் ஒரு மணி நேரத்திற்குள் அதனைக் கொடுத்தல் வேண்டும். ஆறு மாதம் நிறையுமளவும் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா என்பதே வைத்திய நூலார் முடிபு.

இனி உணவைப் பற்றிச் சற்று விரித்துரைப்போம். நம் முன்னோர் இம்மலைச் சரிவுகளிற் சாமையும் கேழ்வரகும் விளைத்து உண்டார்கள். உரலிற் குத்திய சாமையில் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். அத்தவிட்டின் நாரையும், சிறுகுடலிற் செரிக்காது தப்பிய மாவுப்பொருளையும் பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு, சிலவகை அமிலங்களை வெளியிடுகின்றன. பெருங்குடற் சுவரிலுள்ள உயிரணுக்களுக்கு அவ்வமிலமே முதன்மையான உணவு. இன்று ரேஷன் கடையிலே தீட்டிய வெள்ளை அரிசி கிடைக்கிறது. சாமையை மூட்டை மூட்டையாகக் கீழ்நாட்டுச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறோம். ரேஷன் அரிசி வந்தது நம் பட்டினியைத் தீர்த்த பெரிய உபகாரம். அதனைக் குறைகூறுவார் நன்றி மறந்தவராவர். ஆயினும் விளைந்த சாமையில் வீட்டுக்கு ஒரு பங்கை நிறுத்திக்கொள்ளாமல், நகரத்தார் அதை மருந்தென்று விலை கொடுத்து வாங்க, நாம் நாரற்ற சோற்றையே மூன்று வேளையும் உண்பது நம் குடலிலுள்ள ஊழியரைப் பட்டினி போடுவதாகும்.

புளித்த கூழும் பழைய சோறும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. இரவிற் பானையில் ஊற்றி வைத்ததை விடிவதற்குள் புளிக்கவைப்பவை லாக்டிக் அமிலக் கிருமிகள். தோசை மாவைப் பொங்கச் செய்வனவும் அவ்வினத்தனவே. மார்கழிக் குளிரில் நம் மலையில் மாவு நேரத்தில் புளிப்பதில்லை என்று பெண்கள் குறைகூறுவது, அந்நுண்ணுயிர்கள் குளிரிற் சோம்பியிருப்பதனால்தான். வெந்த சோறு ஆறுங்கால் அதிலுள்ள மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் செரியாத வடிவத்தை அடைகிறது; அதுவும் பெருங்குடலார்க்கே போய்ச் சேரும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் பழைய சோற்றை ஆராயப் புகுந்த செய்தியைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். ஆனால் ஒன்று: கூழைக் கரைக்கும் தண்ணீர் கெட்டதாயின், புளிப்பு ஒன்றே நம்மைக் காத்துவிடாது.

இக்குடல்வாசிகளின் உதவி எத்தகையது என்பதை நமக்கு அண்மையில் வேலூரிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். காலரா என்னும் வாந்திபேதியில் மனிதன் இறப்பது கிருமி அவனைத் தின்பதனால் அன்று; உடலிலுள்ள நீரும் உப்பும் வடிந்துபோவதனால். 1971-ஆம் ஆண்டில் வங்காளத்து அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியபொழுது, பன்காவ் என்னுமிடத்தில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர், ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, உப்பையும் சர்க்கரையையும் நீரிற் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். சிறுகுடலிலே சர்க்கரை உட்செல்லும்பொழுது உப்பையும் நீரையும் உடன் இழுத்துச் செல்லும். அதுவே அதன் இரகசியம். அங்கன்வாடியிற் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இதுதான். ஆயினும் அதனால் உயிர் பிழைத்ததேயன்றிப் பேதியின் அளவு குறையவில்லை.

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவரைச் சேர்ந்தோரும், அக்கரைசலில் எளிதிற் செரியாத ஒருவகைச் சோளமாவைச் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். அம்மாவு சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடையும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்கும். அவ்வமிலம் குடற்சுவருக்குள் ஈர்க்கப்படும்பொழுது உப்பும் நீரும் உடன் ஈர்க்கப்படும். அவ்வாறே பேதி குறைந்தது, விரைவிலும் நின்றது. இது 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2006-ஆம் ஆண்டில் குழந்தைகளிடத்துச் செய்த சோதனையிலும் பேதி நிற்கும் காலம் குறைந்தது. சிறுகுடலை ஒரு கிருமி தாக்கி நாசஞ்செய்யும் நேரத்திலே, பெருங்குடலிலுள்ள கிருமிகள் நமக்காக வேலை செய்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டில் எவரும் பொட்டலத்தோடு மாவைக் கலக்க வேண்டா. உறையில் அச்சிட்ட அளவுப்படி காய்ச்சி ஆறிய நீரிற் கரைத்துக் கொடுப்பதும், உடன் தரும் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாள் நிறுத்தாமற் கொடுப்பதுமே நாம் செய்யத்தக்கது. மழை நாளில் நம் குக்கிராமங்களிலிருந்து போளூருக்கோ திருப்பத்தூருக்கோ ஒரு குழந்தையைத் தூக்கிச்செல்ல எத்தனை நாழிகை ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வழியெல்லாம் மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டு போகவேண்டியது இந்நீரேயாம்.

குழந்தைப் பேதிக்குப் பெருங்காரணமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து கிடைத்ததும் ஒரு சாதுவான குடித்தனக்காரனாலே. டில்லி அகில இந்திய மருத்துவக் கழக ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளிடம் யாதொரு நோயும் செய்யாமல் இருந்த ரோட்டா வைரஸ் ஒன்றை டாக்டர் எம். கே. பான் முதலியோர் 1980-களில் கண்டனர். தொல்லை செய்யாத அவ்வைரஸிலிருந்தே மருந்து ஆக்கப்பட்டது. அதனைச் சோதித்த மூன்று இடங்களுள் வேலூரும் ஒன்று. 2016-ஆம் ஆண்டு முதல் அரசாங்கத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் ரோட்டா மருந்தும் சேர்ந்துள்ளது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் வாயில் விடும் மருந்து அது. ஊசி அன்று, ஆதலால், குழந்தை அழும் என்னும் சாக்கும் செல்லாது.

இனித் துஷ்டர்களின் வழியை அடைப்பதைப் பற்றி. அவர்கள் வருகிற வழி பல அல்ல. பேதி, டைபாய்டு முதலியவற்றிற்கு ஒரே வழிதான்: ஒருவன் மலத்தினின்றும் மற்றொருவன் வாய்க்கு. மேட்டிலே மலங்கழித்துப் பள்ளத்திலே ஊற்றுநீர் எடுக்கும் ஊரில், முதல் மழை எதைக் கொண்டுவந்து குடத்திற் சேர்க்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. கட்டிய கழிப்பறைகளிற் சில இன்று விறகும் புல்லும் வைக்கும் அறைகளாயிருப்பதை நாமே கண்டிருக்கிறோம். மலங்கழித்த பின்னரும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னரும், சோற்றைத் தொடுமுன்னரும் சோப்பிட்டுக் கை கழுவுதலே பட்டணத்துப் புட்டிகள் பத்தின் வேலையைச் செய்யும். மற்ற நேரங்களில் மண்ணில் விளையாடும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துவதால் இலாபம் ஒன்றுமில்லை. ஊற்றிலே முதலில் மொள்பவர் யார், பின்னர் மொள்பவர் யார் என்று சச்சரவிடுகிறோமே, அதனாலும் ஒரு கிருமி குறைந்ததில்லை. தீட்டு என்று நாம் விலக்குவன வேறு; நோய் தருவன வேறு.

சாணம் மெழுகுவதைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். மெழுகிய தரையிற் புழுதி அடங்கும், கண்ணுக்கும் இனிது. ஆயினும் சாணம் கிருமிகளைக் கொல்லும் என்பது பிழை. மண்ணிலும் சாணத்திலும் இரணஜன்னிக் கிருமியின் வித்து நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். காற்றுப்படாத ஆழ்ந்த காயம் கிடைத்தால் விழித்துக்கொள்ளும். அறுத்த தொப்புட்கொடியில் சாணத்தையோ சாம்பலையோ அப்பினமையால் ஏழாம் நாள், எட்டாம் நாள் விறைத்து இறந்த சிசுக்கள் எத்தனை! கருவுற்றோர்க்குத் தடுப்பூசியும், சுத்தமான பிரசவமும் பரவியதனால், 2015-ஆம் ஆண்டில் இந்தியா பிறந்த சிசுக்களின் இரணஜன்னியை ஒழித்த நாடுகளுள் ஒன்றாயிற்று. சாணம் தரையோடு நிற்கட்டும்.

மருந்துகளைக் குறித்து ஒரு வார்த்தை. 1928-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்ட பின், ஆண்டிபயாடிக் என்னும் மருந்துகள் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆனால் அவை சளி, சாதாரண ஜுரம் முதலியவற்றைத் தரும் வைரஸ்களை ஒன்றும் செய்ய மாட்டா. நம்மவரோ ஊசி போடாத வைத்தியரை வைத்தியரென்றே மதிப்பதில்லை. கீழே கடைத்தெருவில் இரண்டு மாத்திரை வாங்கி, ஒன்றை உண்டு மற்றொன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பதும் உண்டு. இம்மருந்து குடலிற் புகுந்தால், நாம் மேலே சொன்ன ஊழியரையும் சேர்த்தே வீழ்த்தும். வீழாமல் எஞ்சிய துஷ்டன் பிள்ளை குட்டிகளோடு பெருகி, மறுமுறை அம்மருந்துக்கு அடங்கான். வைத்தியர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாளளவும் உண்க. எழுதாவிடில் கேட்க வேண்டா.

கடைசியாக, நாம் இங்கே பேச மிக விரும்பிய செய்தி காசநோயைப் பற்றியது. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்பவர் கண்டறிந்த அக்கிருமி, உலக மக்களுள் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடலில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்களுட் பெரும்பாலார்க்கு ஆயுள் முழுவதும் நோய் வருவதில்லை. உடல் மெலியுங்காலத்து விழித்தெழுகிறது. நம் ஊர்களில் ஒருவர்க்கு இந்நோய் என்று தெரிந்தால் தட்டு வேறு, திண்ணை வேறு; பெண்ணாயின் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. அச்சத்தால் நோயை மறைப்பவர் மருந்தின்றி இருமிக்கொண்டே இருப்பர். வீட்டாருக்கும் அவராலே நோய் பரவும். ஒதுக்குதலே நோயை வளர்க்கிறது.

இதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் ஏற்பட்ட மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்து நல்லுணவும் ஓய்வும் மருந்தும் கொடுத்தனர். மற்றவரை நெருக்கமான தம் வீடுகளிலேயே இருக்கச்செய்து அதே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு யாதெனில், வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர் என்பதே. அவர்களோடு ஒரே அறையில் உண்டு உறங்கிய மனைவி மக்களுக்கு, சானடோரியம் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. மருந்து உட்சென்றவுடன் பரவும் வலி விரைவிற் குன்றிவிடுகிறது. வீட்டாரிடம் பரவியதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குமுன் பரவியதே. உலக நாடுகள் பல இதன்பின் தம் முறையை மாற்றிக்கொண்டன. இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். பெரும்பாலோர்க்கு ஆறு மாதம் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைச் சளிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இருமுங்கால் வாயைத் துணியால் மூடட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரே வீட்டில், ஒரே பந்தியில் உண்ணட்டும்.

தாய்மார்களுட் சிலர், "இவ்வளவு பேசுகிறீர்களே, அவற்றை நாங்கள் பார்க்க முடியுமா?" என்று கூட்டத்துக்கு முன்பே கேட்டனர். பந்தலின் வடபுறத்து மேஜையில், பள்ளிக்கூடத்தாரிடம் இரவல் வாங்கிய நுண்ணோக்கி ஒன்றை வைத்திருக்கிறோம். கண்ணாடித் தகட்டில், நீலச் சாயம் ஏற்றிய ஒரு சொட்டுத் தயிர் இருக்கிறது. வெளிச்சம் மங்குவதற்குள் வரிசையாக வந்து பாருங்கள். குழந்தைகளுக்கு முதலிடம் கொடுங்கள்.